சுண்ணாம்புச் சுவருக்கு சிமென்ட் பூசாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா, செலவு செய்து புதுப்பிப்பதா என்ற பேச்சு காவிரிக் கரை ஊர்களில் இப்போது பல குடும்பங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. கும்பகோணத்தில் தாத்தா காலத்து வீட்டைப் புதுப்பித்து அதிலேயே குடியிருப்பவன் நான். இந்த வீடுகள் வயதானதால் கெடுவதைவிட சிமென்ட் பூசியதால் கெடுவதுதான் அதிகம். இதை வீட்டுக்காரர்களும் மேஸ்திரிகளும் எஞ்சினியர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

எங்கள் வீடு திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று நீளமாக உள்ளே போகும். செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் வைத்துக் கட்டிய கனமான சுவர். மேலே தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மீது சின்னச் செங்கற்களை நிறுத்திச் சாய்வாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்கி, அதன் மேல் தட்டோடு என்கிற தட்டையான ஓடு பதித்த மாடி. மெட்ராஸ் டெரஸ் என்று சொல்வது இதைத்தான். இந்த மாதிரி சுவர் தரையிலிருந்து கொஞ்சம் ஈரத்தை இழுக்கத்தான் செய்யும், ஆனால் இழுத்த ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷனும் அடித்துவிட்டால் ஈரத்துக்குப் போக வழியில்லை, சுவருக்குள்ளேயே மேலே ஏறும், கூடவே வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து அதை வெளியே தள்ளும். முழங்கால் உயரத்தில் நின்ற ஓதம் இடுப்பு உயரத்துக்கு வந்துவிடும். எங்கள் கூடத்தில் முன்பு வாடகைக்கு இருந்தவர்கள் பூசிவிட்டுப் போன சிமென்டைத் தட்டி எடுத்தபோது பின்னாலிருந்த செங்கல் விரலால் நோண்டினாலே பொடியாக உதிர்ந்தது. அதே சுவரில் சிமென்ட் படாத மேல் பாதியில் பழைய காரை ஆணி இறங்காத அளவுக்குக் கெட்டியாக இருந்தது!

மாடியிலும் இதே கதைதான். ஒழுகுகிறது என்றதும் தட்டோட்டின் மேல் சிமென்ட் கான்கிரீட் போடச் சொல்கிறார்கள். அந்தப் பாரத்தைக் கீழே இருக்கும் கட்டைகள்தானே சுமக்க வேண்டும்? கான்கிரீட் வெடித்து வெடிப்பில் இறங்கிய தண்ணீர் உள்ளேயே தங்கி, சுவருக்குள் செருகியிருக்கும் கட்டையின் நுனியை முதலில் அரிக்கும். நடுவில் பார்த்தால் கட்டை நன்றாக இருக்கும், நுனி மட்டும் மக்கிப் போயிருக்கும். எங்கள் வீட்டில் அப்படிப் போன கட்டைகளுக்குப் பதிலாக, காரைக்குடிப் பக்கம் இடித்த வீடுகளின் மரம் விற்கும் கடையில் பழைய தேக்கு வாங்கிப் போட்டோம். ஒயரிங், எர்த், வீட்டுக்குள் கழிப்பறை இதெல்லாம் பணம் இருந்தால் நடந்துவிடும்.

நடக்காதது ஆள் கிடைப்பதுதான். சுண்ணாம்பு வேலை என்றதும் பெரும்பாலான கொத்தனார்கள் சிரித்துவிட்டு, "இடிச்சிடுங்க சார், சதுர அடிக் கணக்குல புதுசா கட்டித் தரோம்" என்றார்கள். கடைசியில் கோயில் திருப்பணிகளில் வேலை பார்த்த வயதான ஒருவர் வந்தார். சுண்ணாம்பை நீற்றிப் புளிக்க வைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்து அரைக்க வைத்தார். அவருக்கு அவசரம் என்பதே கிடையாது. சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து சீக்கிரம் இறுகிவிடும், சுண்ணாம்போ காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கித்தான் இறுகும், அதனால் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டே பல நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஐப்பசி மழை வந்து முற்றத்தோடு கலவைத் தொட்டியும் நிரம்பி, வேலை நின்று, கூலியும் ஏறி, வீட்டில் சண்டையே வந்துவிட்டது. ஒரு வங்கியில் கடன் கேட்டால், இவ்வளவு பழைய கட்டடத்துக்கு மதிப்பே போட முடியாது, இடித்துக் கட்டுவதாக இருந்தால் வாருங்கள் என்றார்கள். மனசு விட்டுப்போன நாட்கள் அவை.

ஆனால் வேலை முடிந்த பிறகு வந்த சித்திரையில் கூடத்துச் சுவரில் கை வைத்துப் பார்த்தபோது பட்ட குளிர்ச்சி, அம்மா மதியம் ஃபேன் கூட இல்லாமல் அங்கே பாய் விரித்துத் தூங்கியது, நிலைக்கதவில் அப்பியிருந்த பச்சை எனாமலைச் சுரண்டச் சுரண்டக் கொடியும் கிளியும் வெளியே வந்தது, இதெல்லாம் பார்த்த பிறகு பட்ட பாட்டைப் பெரிதாகச் சொல்லத் தோன்றவில்லை.

அரசுக்கு இந்த வேலை தெரியாது என்று சொல்ல முடியாது. சென்னை சேப்பாக்கம் அரண்மனையில் 2012-இல் தீயில் சிதைந்த கலச மகாலையும், பக்கத்திலிருக்கும் ஹுமாயூன் மகாலையும் பொதுப்பணித்துறைதான் மீட்டெடுத்தது. புதுச்சேரியில் வைசியாள் வீதியின் திண்ணை வீடுகளைச் சீரமைத்ததற்கு 2008-இல் யுனெஸ்கோ விருதே கிடைத்தது. அந்தக் கைப்பழக்கத்தை அரண்மனைகளோடு நிறுத்திவிடாமல் ஐடிஐ-களில் ஒரு குறுகிய காலப் பயிற்சியாகச் சொல்லிக் கொடுக்கலாமே? எங்கள் வீட்டில் அந்தப் பெரியவரோடு வேலை பார்த்த சித்தாள் பெண் ஒருவர் இப்போது தனியாகவே சுண்ணாம்புப் பூச்சு பூசுகிறார், ஆனால் அதைக் காட்டி வேலை கேட்க அவரிடம் ஒரு சான்றிதழும் இல்லை.

இன்னொன்று, தெரு. பழைய சாலையின் மேலேயே திரும்பத் திரும்பத் தார் போட்டு, வாசல் படிகள் புதைந்து, தெருத் தண்ணீர் திண்ணையடியில் வந்து நிற்கிறது. உள்ளே எவ்வளவு பார்த்துப் பார்த்துப் பூசினாலும் வெளியே இப்படித் தண்ணீர் நின்றால் சுவர் எப்படிக் காயும்? பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, வீடுகள் பள்ளமாகாதபடி அதே மட்டத்தில்தான் சாலை போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டார். எங்கள் தெருவில் அடுத்த முறை சாலை போட வரும்போது ஜல்லி கொட்டுவதற்கு முன்னால் அந்த உத்தரவை ஒருமுறை எடுத்துப் படிக்கும்படி உங்கள் நாளிதழ் மூலம் அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.