நாலு மணிக்குக் கிளம்பும் மகனுக்கு

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, அக்கா, பிள்ளைகள் எல்லாரும் நலம். உன் நலமறிய ஆவல்.

போனில் கூப்பிட்டால் "சரிம்மா, சாப்பிட்டேம்மா, வேலை இருக்கும்மா" என்று முடித்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் கேட்டால் கட்டைவிரல் படம் வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன். எதிர்வீட்டுத் தம்பி ஞாயிறு ராத்திரி பஸ்ஸில் ஜொகூருக்குத் திரும்புகிறான். அவனிடம் முறுக்கும் நெத்திலிச் சம்பாலும் கொடுத்து அனுப்புகிறேன். பைக்கு அடியில் இந்தக் கடிதம் இருக்கும். முறுக்கை எடுத்துக்கொண்டு இதை அப்படியே மடித்து வைத்துவிடாதே. உட்கார்ந்து படி.

சுங்கை சிப்புட்டில் தினமும் சாயங்காலம் மழை. பெரிய மாமா ஒருவழியாகக் கூரையை மாற்றிவிட்டார். அக்கா மகள் கலாசாலைத் தமிழ்ப் பள்ளியில் பேச்சுப் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். நீ அதே பள்ளியில் வாங்கிய கோப்பைக்குப் பக்கத்தில்தான் அவளுடையதையும் வைத்திருக்கிறேன். கோயில் திருவிழாவுக்கு இந்த வருஷம்... சரி, அதை அப்புறம் எழுதுகிறேன். நீ காலையில் பசியாறிவிட்டுத்தானே கிளம்புகிறாய்?

ஜொகூர் மாசாயில் நீ விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது இங்கே எனக்கும் விழிப்பு வந்துவிடுகிறது. ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, பேர் கூப்பிடுகிற இடத்துக்கு, எழுந்த உடம்பு, இன்னும் பழக்கம் விடவில்லை. ஜொகூர் பாலம் ஒரு கிலோமீட்டர்தான் இருக்கும் என்று நீதான் சொன்னாய். அந்த ஒரு கிலோமீட்டருக்கு முன்னாலும் பின்னாலும் எத்தனை ஆயிரம் மோட்டார், எவ்வளவு புகை, மழை வந்தால் ஒதுங்க இடமில்லை. அதைத் தாண்டிச் சிங்கப்பூரில் பன்னிரண்டு மணிநேர ஷிப்ட், அப்புறம் அதே பாலம், அதே வரிசை. இது லேசான பாடில்லை. உன் வயதில் இதைச் செய்ய எல்லாராலும் முடியாது. நீ செய்கிறாய். கோயிலில் யார் கேட்டாலும் என் மகன் உழைப்பாளி என்று நிமிர்ந்துதான் சொல்கிறேன்.

ஆனால் போன தடவை வந்தபோது உன் முகம் சரியில்லை. இடியாப்பத்தை அளைந்துகொண்டே இருந்தாய். அக்காவும் ஏதோ சொன்னாள். அதைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. நீயாகச் சொல்லும்வரை கேட்க மாட்டேன்.

என் கதையைச் சொல்கிறேன், கேள். போன தடவை கிளினிக்கில் எனக்கு இனிப்பு நீர், ரத்தத்தில் சர்க்கரை, ஏறியிருந்தது. சோற்றைக் குறைத்துத்தான் சாப்பிடுகிறேன், மாத்திரையும் விடவில்லை. டாக்டர் என்னை அங்கே இருக்கிற நர்ஸ் மிஸியிடம் அனுப்பினார். நம்ம தமிழ்ப் பிள்ளைதான், உன் வயது இருக்கும். அவள் எடுத்தவுடன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "அம்மா, தூங்குறீங்களா? மனசுல என்ன ஓடுது?" என்று கேட்டாள்.

மனசில் பயமோ பதற்றமோ வந்தால் உடம்பு அட்ரினலின், கார்ட்டிசோல் என்று சுரக்குமாம். ஓடு, இல்லையென்றால் சண்டை போடு என்று உடம்பைத் தயார் பண்ணுவதற்கு. நெஞ்சு படபடக்கும், ஈரலிலிருந்து சர்க்கரை ரத்தத்துக்கு வரும். புலி துரத்தினால் அது உதவும். தினமும் ராத்திரி படுத்துக்கொண்டு நினைத்ததையே நினைத்துக்கொண்டிருந்தால் அந்தச் சர்க்கரை எங்கே போகும்? அதுதான் எனக்கு ஏறியிருக்கலாம் என்றாள். உனக்குச் சர்க்கரை இல்லை. ஆனால் அப்பா வழியில் எல்லாருக்கும் இருக்கிறது, அதை மறக்காதே. சரியான நேரத்துக்குச் சாப்பிடு.

அப்புறம் மிஸி ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டாள். இடது பக்கம் நடந்தது, வலது பக்கம் நீங்களாகச் சேர்த்தது, எழுதுங்கள் என்றாள். நான் எழுதினேன். இடது பக்கம்: மகன் போன் செய்யவில்லை. வலது பக்கம்: மோட்டாரில் விழுந்திருப்பான். அல்லது என்மேல் கோபம். அல்லது யாரோ அவன் மனசை உடைத்துவிட்டார்கள். இடது பக்கம் ஒரு வரி, வலது பக்கமோ முழுக்க நிறைந்துவிட்டது. "இதுக்கெல்லாம் சாட்சி இருக்கா அம்மா?" என்று கேட்டாள். ஒன்றுக்கும் இல்லை. வேறு காரணம் இருக்க முடியுமா என்றாள். ஷிப்ட் மாறியிருக்கலாம், அசந்து தூங்கியிருக்கலாம், போனில் சார்ஜ் இல்லாமல் இருக்கலாம். எழுத எழுத நெஞ்சில் இருந்த கனம் கொஞ்சம் இறங்கியது. முழுக்க இறங்கவில்லை. அதற்கு நீ போன் செய்ய வேண்டும்.

இது அவள் சொந்தச் சரக்கில்லையாம். ஆரன் பெக் என்று ஒரு அமெரிக்க டாக்டர். 1960-களில் மனச்சோர்வோடு வந்தவர்களிடம் பேசிப்பேசிக் கண்டுபிடித்தாராம். நடந்தது நம்மைப் பாதி வாட்டுகிறது என்றால், நடந்ததைப் பற்றி மனசு நமக்கே தெரியாமல் சட்டென்று சொல்லிக்கொள்ளும் வார்த்தை மீதியை வாட்டுகிறது என்று நான் புரிந்துகொண்டேன். அந்த வார்த்தையைப் பிடித்து நிறுத்தி, நீ உண்மையா என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் அந்த வைத்தியத்தின் ஆரம்பம்.

அவள் அதில் சில வகை சொன்னாள். கேட்கக் கேட்க நம் வீட்டு ஆட்கள்தான் கண்முன்னே வந்தார்கள். நூறு நல்லதை விட்டுவிட்டு ஒரு குறையை மட்டும் பார்ப்பது ஒரு வகை. ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். பரீட்சை ரிசல்ட் வந்த அன்று நீ என்ன செய்தாய்? வரிசையாக ஏ வாங்கியிருந்தாய், தலைமையாசிரியரே கை கொடுத்தார். நீயோ கூடுதல் கணிதத்தில் வந்த ஒரு பி-யையே பார்த்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். எது நடந்தாலும் என்னால்தான் என்று தலையில் போட்டுக்கொள்வது இன்னொரு வகை. சூப்பர்வைசர் முழு லைனையும் திட்டினாலும் தன்னைத்தான் திட்டினார் என்று எடுத்துக்கொள்வது. ஒரு சின்னச் சங்கதியிலிருந்து உலகமே முடிந்தது என்று போய்விடுவது மற்றொன்று. பெரிய மாமா கடை விஷயத்தில் அப்படித்தான் ஆனது, உனக்குத் தெரியும், அதை இங்கே எழுதவில்லை.

நீ சின்ன வயசிலிருந்தே உன்னிடம் கடுமையாக இருப்பாய். அது உன் நல்ல குணத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. எனக்கு அதைப் பார்த்தால் தோட்டத்துப் பால்மரம், ரப்பர் மரம், ஞாபகம் வரும். பால் எடுக்க மரம் வெட்டும்போது உளி பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். அவசரக்காரர்கள் ஆழமாக இறக்கினால் அதிகமாகப் பால் வரும் என்று நினைப்பார்கள். கட்டையில் பட்டுவிட்டால் மரம் காயமாகும். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகப் புடைத்து வளரும், திரும்ப அந்தப் பக்கம் உளி ஓடாது. வேலையை மேற்பார்க்கிற மண்டோர் ஒவ்வொரு நிரையாக வந்து விரலால் தடவிப் பார்ப்பார். நீ உன்னைத் திட்டிக்கொள்கிற விதம் அப்படி இருக்கிறது, ஐயா. முட்டாள், உதவாக்கரை, என்னால் எதுவும் முடியாது என்று ராத்திரி உனக்குள் சொல்லிக்கொண்டால் மறுநாள் வேலை நன்றாக ஓடும் என்று நினைக்காதே. உன் கூட்டாளி ஒருவன் இதே தப்பைச் செய்துவிட்டு வந்தால் அவனிடம் நீ எப்படிப் பேசுவாயோ அப்படி உன்னிடம் பேசு. மிஸி சொன்னதிலேயே எனக்குப் பிடித்தது இதுதான்.

நல்லதை நினைத்தால் எல்லாம் தானாக நடக்கும் என்று சிலர் வீடியோவில் பேசுகிறார்களே, அதை நான் சொல்லவில்லை. மிஸியும் சொல்லவில்லை. கேப்ரியேலே எட்டிங்கன் என்று ஜெர்மனியில் பிறந்த உளவியல் ஆய்வாளர் ஒருவர் இருக்கிறாராம். அவர் 1991-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உடம்பைக் குறைக்க வந்த 25 பெண்களைப் பார்த்திருக்கிறார். மெலிந்து அழகாகிவிட்டது போல இனிமையாகக் கனவு கண்டவர்கள் குறைவாகத்தான் மெலிந்தார்களாம். என்னால் முடியும் என்று நம்பினவர்கள் கூடுதலாக மெலிந்தார்களாம். கனவு மட்டும் கண்டால் மனசு வேலை முடிந்துவிட்டது என்று சோம்பிவிடும் போல. அதனால் நல்லதையும் நினைக்க வேண்டும், குறுக்கே என்ன நிற்கும் என்பதையும் நினைக்க வேண்டும், அது வந்தால் என்ன செய்வேன் என்றும் முடிவு பண்ணிக்கொள்ள வேண்டும்.

உன் பாலத்தையே எடுத்துக்கொள். இன்றைக்கு ஜாம் இருக்காது என்று வேண்டிக்கொண்டு போனால், ஜாமைப் பார்த்ததும் நெஞ்சு எரியும். ஜாம் இருக்கும், வரிசை இந்த இடத்தைத் தாண்டி நின்றால் சூப்பர்வைசருக்கு ஒரு மெசேஜ் போடுவேன், கொஞ்சம் லேட்டானால் தலையா போய்விடும் என்று கிளம்பினால் அதே ஜாம் உன்னை அவ்வளவு வாட்டாது. நிற்கிற நேரத்தில் தோளை இறக்கி விடு. மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக விடு, நெஞ்சுத் துடிப்பு தணியும். அந்தப் புகையில் ஆழமாக இழுக்காதே, விடுவதை மட்டும் நீட்டு. ஹெல்மெட் கண்ணாடியை மூடிக்கொள். பசியோடு போகாதே. ரெண்டு ரொட்டியாவது.

மாதம் பிறந்தால் பணம் வந்துவிடுகிறது, ஒரு நாள் பிந்தியதில்லை. ஐஸ்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அப்பா "அவன் வாங்கியது" என்கிறார், வீட்டுக்கு வருகிறவர்களிடமும் அதையே சொல்கிறார். ஆனால் நாங்கள் உன்னிடம் பணமா கேட்டோம்? போன மாதம் நீ அனுப்பியதில் பாதியை உன் பேரிலேயே போட்டு வைத்திருக்கிறேன். அதற்காக அதிக நேரம் ஓ.டி. செய்யாதே. அம்மா அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை. நீ பேசாமல் இருப்பதுதான் குறை.

இன்னொன்று. யோசனையை மாற்றிப் பார்ப்பது தினசரிச் சலிப்புக்கு, பதற்றத்துக்கு, கோபத்துக்கு. அதைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. ரெண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிடித்த எதிலும் பிடிப்பில்லை, பந்து விளையாடக்கூடப் போகத் தோன்றவில்லை என்றால், அது நோட்டில் கோடு போட்டுத் தீர்கிற விஷயமில்லை, டாக்டரிடம் காட்ட வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில், கிளினிக் கெசிஹாத்தானில், ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). 15555 என்ற சுகாதார அமைச்சின் நம்பருக்குப் போன் செய்தால் ஆலோசனை சொல்கிறவர்கள் பேசுவார்கள். முன்பு தோட்டத்தில் இப்படி யாராவது ஒடுங்கிக் கிடந்தால் காற்றுக் கருப்பு என்று கயிறு கட்டுவார்கள், இல்லையென்றால் பைத்தியம் என்று பேர் வைப்பார்கள். அந்தப் பேருக்குப் பயந்து எத்தனையோ வீட்டில் மூடி மறைத்தார்கள். ஒருவன் உயிரை விடப் பார்த்தால் அவனைக் குற்றவாளி என்று பிடிக்கிற சட்டமும் நம் நாட்டில் இருந்தது. 2023-இல் நாடாளுமன்றத்தில் அதை எடுத்துவிட்டார்கள். ஒடிந்தவனுக்கு வைத்தியம்தான் வேண்டும் என்று அரசாங்கத்துக்கே புரிந்துவிட்டது. இதை எல்லாம் ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று கேட்காதே. அம்மாவுக்குத் தெரிந்ததைச் சொல்லி வைக்கிறேன். எந்த நேரமானாலும் கூப்பிடு. ராத்திரி ரெண்டு மணியானாலும் நான் எடுப்பேன். வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாலும் இந்த வீட்டுக் கதவு உனக்குத் திறந்திருக்கும், யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். கேட்கிறவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்த லீவுக்கு வா. ஜொகூர் லார்கின் நிலையத்தில் ராத்திரி பஸ் ஏறு, ஈப்போ அமான்ஜெயா நிலையத்தில் இறங்கு. எவ்வளவு விடியற்காலையானாலும் அப்பா வந்து நிற்பார். உன் மோட்டாரில் அவ்வளவு தூரம் வர வேண்டாம், அதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வந்தால் எதையும் விளக்க வேண்டியதில்லை. தூங்கு, சாப்பிடு, அப்பாவோடு பின்பக்கம் வாழைக்கன்று வைக்கிற வேலை இருக்கிறது, கூட நில். பேச்சு வந்தால் பேசு.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவு என்று தெரியும். மத்தியானம் போன் செய். சாப்பிட்டேன் என்று சொல்லாதே, என்ன சாப்பிட்டாய் என்று சொல்.

அன்புடன்,
அம்மா

சம்பாலை வெளியே வைக்காதே. ரூமில் இருக்கிற மற்ற பையன்களுக்கும் முறுக்கு கொடு, அதற்கும் சேர்த்துத்தான் சுட்டேன்.