மிக்ஸிங் ரூம் ஆளுங்க சார்பா நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகத்துக்கும் சேஃப்டி டிபார்ட்மெண்ட்டுக்கும் வணக்கம்.

போன வாரம் மிக்ஸிங் ரூம்ல ஒரு பையன் மயங்கி விழுந்தது உங்களுக்குத் தெரியும், ரிப்போர்ட்டும் உங்க டேபிள்லதான் இருக்கு. அதுல "சாப்பிடாம வந்ததால மயக்கம்"னு எழுதியிருக்கீங்க. சார், அந்தப் பையன் எங்க கூட உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் உள்ள போனான். தரையில சிந்தின டொலுயீனை, அதான் சீக்கிரம் ஆவியாகுற அந்தக் கரைப்பான் திரவத்தை, குனிஞ்சு துடைச்சுக்கிட்டு இருந்தான். அதோட ஆவி காத்தை விட மூணு மடங்கு கனம், சிந்தின இடத்துலயே தரையோட தரையா தேங்கி நிக்கும், அவன் மூஞ்சி இருந்தது அந்த உயரத்துலதான், ஆனா நம்ம எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்குறதோ கூரைக்குக் கீழ.

எக்ஸாஸ்ட்டைத் தரைக்கிட்ட இறக்குங்க, ஆவியை உறிஞ்சுற வடிகட்டி டப்பா வச்ச கார்ட்ரிட்ஜ் மாஸ்க் குடுங்கன்னுதான் கேட்டுக்கிட்டே இருக்கோம். இப்ப நீங்க குடுக்குற துணி மாஸ்க் தூசிக்கு ஆகும், ஆவி அதுக்குள்ள பூந்து வந்துரும். ரப்பர் கிளவுஸ் கொஞ்ச நேரத்துலயே விரல் நுனியில உப்பி, தொளதொளன்னு ஆகி, உள்ள கை ஜில்லுனு நனையுது. டொலுயீனுக்கு வைட்டான்ங்கிற தனி ரப்பர்ல செஞ்ச கிளவுஸ்தான் தாங்கும்.

"உள்ள வந்து பாத்தேன், வாசனையே இல்லையே"ன்னு சொல்றீங்க. நுழைஞ்சதும் மூக்கைத் துளைக்கும், அப்புறம் மூக்கு மரத்துப் போயிடும், அவ்வளவுதான் சார். அமெரிக்காவுல ஓஷாங்கிற தொழிலாளர் பாதுகாப்பு அமைப்போட சட்டத்துல 8 மணி நேர சராசரி வரம்பு 200 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல 200 பங்கு ஆவி), ஏசிஜிஐஎச்ங்கிற தொழில் சுகாதார நிபுணர்கள் அமைப்போட பரிந்துரை வெறும் 20 பிபிஎம். நம்ம ரூம்ல எவ்வளவு இருக்குன்னு மீட்டர் வச்சு ஒரு தடவையாவது அளந்தீங்களா? ஷிஃப்ட் முடியும்போது தலை பாரமா, நடை தள்ளாடுது, கூப்பிட்டா ரெண்டாவது தடவைதான் காதுல விழுது. இரைச்சலும் டொலுயீனும் சேந்தா காது இன்னும் மோசமா கெடும்னு டாக்டர்களே சொல்றாங்க.

எக்ஸாஸ்ட்டை இறக்கச் சொன்னதுக்கு நீங்க சொன்ன வழி, சாதாரண டேபிள் ஃபேனைக் கீழ வச்சுக்கோங்கன்னு! டொலுயீனோட ஃபிளாஷ் பாயிண்ட், அதாவது பத்திக்கிற அளவுக்கு ஆவி கிளம்புற குறைஞ்ச வெப்பநிலை, 4 டிகிரி செல்சியஸ், காத்துல அந்த ஆவி 1.1 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும். ஸ்பார்க் வராத மோட்டார்தான் வேணும். டிரம்ல இருந்து ஊத்தும்போது மின்சாரத்தைத் தரைக்கு இறக்க மாட்டுற எர்த் கிளிப்பும் அறுந்தே கிடக்குது, ஊத்துறப்ப உண்டாகுற ஸ்டேட்டிக் மின்சாரம் போதும் பத்திக்க. சேஃப்டி வாரத்துக்கு பேனர் அடிக்கப் பணம் இருக்கு, கிளிப் மாத்த இல்லைன்னா எங்களுக்குக் கோவம் வராதா? டொலுயீனோட ஆபத்தையும் பாதுகாப்பையும் சொல்ற டேட்டா ஷீட்டைக் கூட ஆபீஸ் பீரோல பூட்டி வச்சிருக்கீங்க, அது நாங்க படிக்க வேண்டிய பேப்பர் சார்.

கோவத்துல ஏதாவது தப்பா எழுதியிருந்தா மன்னிச்சுக்கோங்க. கேக்குறது அதேதான்: எக்ஸாஸ்ட் வாயைத் தரைக்கிட்ட இறக்கணும், ஆளுக்கொரு கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேணும், கார்ட்ரிட்ஜை நாள் குறிச்சு மாத்தணும். அது வர்ற வரைக்கும் சிந்தினதைத் துடைக்க யாரையும் உள்ள அனுப்பாதீங்க. அந்த ரிப்போர்ட்டையும் தயவு செஞ்சு திருத்தி எழுதுங்க.

இப்படிக்கு,
மிக்ஸிங் ரூம் தொழிலாளர்கள்