நிற்கும்போது பேச்சுக் கொடுக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அக்டோபர் 29, உலகப் பக்கவாத தினம் வந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அவசியமான செய்திதான். ஆனால் பிழைத்து வீடு திரும்பியவர் கீழே விழாமல் பார்த்துக்கொள்வது பற்றி அதிகம் படித்ததில்லை.

என் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) மூளையின் வலது பக்கம் அடைப்பு வந்து, இடது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது வாக்கரைப் பிடித்து நிற்கிறார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வருகிறவர்களை ஒவ்வொருவராக "வாங்க" கேட்க வேண்டும். உட்கார்ந்தபடி கேட்க அப்பச்சிக்கு மனசு வராது, எழுந்துவிடுவார். பார்க்க வந்தவர்களும் பிரியமாக, "என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லுங்க" என்பார்கள். பெயரை யோசிக்கிற அந்த நேரத்தில்தான் உடம்பு இடப்பக்கம் சாயும். வளவுக்குள் (வீட்டின் உள்முற்றத்துக்குள்) போக நிலைப்படியில் கால் வைக்கும்போது, சிங்கப்பூரில் இருந்து பேரன் பேசுகிறான் என்று செல்போனைக் காதில் வைப்பவர்களும் உண்டு.

நாம் யோசித்தா நிற்கிறோம்? பக்கவாதம் வந்தவர் யோசித்துத்தான் நிற்க வேண்டியிருக்கிறது. பதில் தேடப் போனால் காலில் இருந்த கவனம் போய்விடும். வலது மூளை பாதித்த பலருக்கு இடப்பக்கத்தின் மேல் கவனமே குறைந்துவிடும், அந்தப் பக்கம் ஆள் வந்து நின்றாலும் தெரியாது. 1997-ல் ஸ்வீடனில் இருந்து ஓர் ஆய்வு வந்தது. முதியோர் இல்லத்தில் இருந்தவர்களில், பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிடுகிறவர்கள்தான் அடுத்த ஆறு மாதத்தில் அதிகம் விழுந்தார்களாம்.

அதற்காக யாரும் அவரோடு பேசவே கூடாது என்று சொல்லவில்லை. நன்றாக நிற்கப் பழகியபின், பக்கத்தில் ஆள் இருக்க, பேசிக்கொண்டே நிற்பதும் ஒரு பயிற்சிதான். எப்போது தொடங்கலாம் என்பதை பிசியோதெரபிஸ்ட் சொல்லட்டும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். பெரிய உதவி. கை காலை நீட்டி மடக்கச் சொல்லித்தரும்போது, வீட்டில் இருப்பவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர் நிற்கும்போது பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விசாரிக்க வரும் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அவர் உட்காரும் வரை பொறுங்கள். அப்புறம் அவருக்கு வலப்பக்கமாக நாற்காலியைப் போட்டு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேவகோட்டை