பேஸ்மென்ற் சுவருக்கு மரமா, தகரமா?

அன்பின் சிவா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததை இங்கே எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு இப்போது பரவாயில்லை. பனி இல்லாத நாட்களில் பொல்லை ஊன்றிக்கொண்டு தெருமுனை வரை போய் வருகிறார்.

அப்புறம், நீ கேட்ட விஷயம். பேஸ்மென்றில் ஓர் அறையும், வீடெல்லாம் மணக்காமல் மீன் பொரிக்க ஒரு குசினியும் போடப்போகிறாய். சரி, "தகரத்தில் சுவர் நிற்குமா?" என்று கேட்டாயே, கல்லும் சீமேந்தும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த நாட்டுச் சுவர் எல்லாமே பெட்டிதானடா.

நிற்கும். ரொறன்ரோவின் உயரமான கொண்டோக்களில் அறைகளைப் பிரிக்கிற சுவர்களுக்குள்ளே பெரும்பாலும் ஸ்ரீல் ஸ்ரட்தான், அதாவது தகட்டை மடித்துச் செய்த நிமிர்ந்த சட்டந்தான், இருக்கிறது. வீடுகளுக்கு அதிகம் விற்பது 25 கேஜ் என்கிற தடிப்பு; தகடு அரை மில்லிமீற்றர்கூடத் தடிப்பில்லை. தனியாக ஒன்றைக் கையில் எடுத்தால் முறுகும். மேலேயும் கீழேயும் கிடையாக ஓடுகிற ரக் என்கிற தகரத் தவாளிப்பில் செருகி, இரண்டு பக்கமும் டிரைவோல் என்கிற ஜிப்சம் பலகை அடித்த பிறகுதான் விறைப்பு வரும். மேல்மாடியின் பாரத்தை மட்டும் அதன் தலையில் ஏற்றாதே. இப்போது அங்கே நிற்கிற தூணிலோ பாரச்சுவரிலோ கை வைக்கவும் வேண்டாம்.

உன்னைப் போல சனி, ஞாயிறுகளில் தனியாக வேலை செய்கிறவனுக்கு ஸ்ரீல் நல்ல தோழன். பாரமில்லை, ஒடுங்கிய படிக்கட்டில் கொண்டு இறக்கலாம், தகரக் கத்திரியாலேயே வெட்டலாம். பேஸ்மென்ற் தரை எங்கேயும் மட்டமாக இராது. மரமென்றால் ஒவ்வொரு ஸ்ரட்டையும் தனித்தனியாக அளந்து வெட்டவேண்டும்; ஸ்ரீல் கால் அங்குலம் குறைந்தாலும் ரக்குக்குள் மறைந்துவிடும். நேராகவும் இருக்கும். மரத்தில் 19 சதவீதம் ஈரம் இருந்தாலே "உலர்ந்தது" என்று முத்திரை குத்தி விடுகிறார்கள். ஹீற்றர் ஓடுகிற வீட்டில் அது மேலும் காய்ந்து வளையும், பிறகு டிரைவோல் ஸ்குரூவின் தலை பெயின்ற்றைத் தள்ளிக்கொண்டு எட்டிப்பார்க்கும். அறைக்கும் நடைக்கும் நடுவில் வருகிற நீளமான சுவரை ஸ்ரீலிலேயே போடு. சத்தமும் அதில் குறைவாகத்தான் கடக்கும்.

குசினிச் சுவருக்கு நான் மரந்தான் சொல்வேன். உன் வீட்டு மிளகாய்த்தூள் போத்தல்களும் அரிசிச் சட்டிகளும் ஏறுகிற கபினெற்றை அந்த மெல்லிய தகட்டில் தொங்கவிட எனக்கு மனம் வராது. ஸ்ரீல்தான் வேண்டுமென்று நின்றால், கபினெற் வருகிற உயரத்தில் டிரைவோலுக்குப் பின்னால் முக்கால் அங்குலப் பிளைவுட் கொடுத்துவிடு. கதவு வருகிற இடத்தில் இரண்டு பக்க ஸ்ரட்டுக்குள்ளும் ஒரு 2x4 மரச்சட்டம் வைத்துப் பூட்டு. இல்லாவிட்டால் கதவை அடிக்கிறபோதெல்லாம் சுவர் அதிரும்.

வெளிச்சுவர்ப் பக்கம் கவனம். எட்மன்ரன் குளிரை ஸ்ரீல் அப்படியே உள்ளே கடத்தும். முதலில் கொங்கிறீற்றில் குளிர் தடுக்கிற ஃபோம் போர்ட் ஒட்டு. ஸ்ரட் எதுவும் கொங்கிறீற்றைத் தொடாமல் அதற்கு இந்தப் பக்கம் நிற்கட்டும். மரம் போட்டாலும் ஃபோம் போர்ட் வேண்டும். தரையில் படுகிற அடிக்கட்டை மருந்தேற்றிய மரமாக இருக்கவேண்டும், அல்லது அடியில் ஃபோம் பட்டி விரி.

வயர் இழுக்கும்போது ஸ்ரீல் ஓட்டைகளுக்குப் பிளாஸ்ரிக் வளையம் போட மறக்காதே, அந்த விளிம்பு வயரின் தோலை உரித்துவிடும். உன் கையையும்தான், ஆகவே கையுறை. டிரைவோலுக்கு நெருக்கமான புரி உள்ள ஸ்குரூ வாங்கு; மரத்துக்கான அகலப் புரி தகட்டில் சரியாகப் பிடிக்காது.

விலையை நம்பி முடிவெடுக்காதே. 2021 மே மாதத்தில் மரம் ஆயிரம் போர்ட் அடிக்கு (ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓர் அங்குலத் தடிப்பு சேர்ந்தது ஒரு போர்ட் அடி) 1,600 அமெரிக்க டொலரைத் தாண்டியது. சில மாதங்களிலேயே பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அதே வருடம் ஸ்ரீலும் ஏறியது. வாங்கப்போகிற கிழமையில் இரண்டையும் விசாரி.

இரண்டாவது குசினியைப் பற்றி நகரசபையில் பெர்மிற் எடுக்கும்போதே கேட்டுவிடு. அறைகளின் அளவைப் படம் எடுத்து அனுப்பு, எத்தனை ஸ்ரட் வேண்டுமென்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். மச்சாளையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
குமரன்