வசூல் வேறு, வரவு வேறு

ஆசிரியருக்கு,

பெருஞ்செலவில் எடுக்கப்படும் ஹாலிவுட் தொடர் படங்களின் வசூல் குறித்த தங்கள் செய்தியில், உலக வசூலைத் தயாரிப்புச் செலவோடு நேரடியாக ஒப்பிட்டு 'இரு மடங்கு லாபம்' என்று எழுதப்பட்டிருந்தது. இக்கணக்கு சரியன்று. 2023-இல் வந்த 'ஃபாஸ்ட் எக்ஸ்' படத்தின் செலவு சுமார் 34 கோடி டாலர், உலக வசூல் சுமார் 70 கோடி டாலர். ஆனால் அமெரிக்காவில் ஸ்டூடியோவுக்குக் கிடைப்பது டிக்கெட் தொகையில் ஏறத்தாழப் பாதி. பிற நாடுகளில் சுமார் 40 சதவீதம். சீனாவில் 25 மட்டுமே. அப்படத்தின் டிக்கெட் வசூல் அமெரிக்காவில் 14.6 கோடிதான், சீனாவிலும் கிட்டத்தட்ட அதே அளவு. இப்படிக் கூட்டினால் திரையரங்குகளிலிருந்து ஸ்டூடியோவுக்கு வரும் பங்கு 28 கோடியைத் தாண்டுவதே கடினம். விளம்பரச் செலவு அந்த 34 கோடியில் சேரவில்லை! படப்பிடிப்பு தொடங்கியபின் இயக்குநர் மாறியதும் செலவைக் குறைத்திருக்காது. தொடர் படங்களுக்கு ரசிகர்கள் முதல் மூன்று நாளிலேயே திரண்டுவிடுவர். இரண்டாம் வார இறுதியில் வசூல் பாதிக்கும் கீழே சரிவது விநியோகத்தில் இருப்பவர்கள் அடிக்கடி பார்ப்பது. மீதியை ஓடிடி, தொலைக்காட்சி உரிமைகள்தான் ஈடுகட்ட வேண்டும்.

ஆகவே வசூல் செய்திகளில் மொத்தத் தொகையோடு, அமெரிக்கா, சீனா, பிற நாடுகள் எனப் பிரித்து, தயாரிப்பாளர் பங்கின் மதிப்பீட்டையும் தனி வரியாக வெளியிடலாம்.

- வாசகர், சேலம்