எழும்பூர் வார்டில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குச் சனிக்கிழமைதோறும் கதை சொல்லப் போகத் தொடங்கி இந்த ஆடியோடு ஒரு வருஷம் ஆகிறது. மனசில் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

சிஸ்டர், முதல் நன்றி உங்களுக்குத்தான். பை நிறையப் பஞ்சு பொம்மைகளோடு புற்றுநோய் வார்டு வாசலில் வந்து நின்றேன். "புள்ளைங்களுக்கு கவுண்ட் கம்மியா இருக்கும்மா. துணி பொம்மையில கிருமி தங்கும். கழுவித் துடைக்கிற மாதிரி கொண்டு வாங்க" என்றீர்கள். கீமோ என்கிற புற்றுநோய் மருந்தால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் குழந்தைக்குச் சாதாரணச் சளிகூட ஆபத்தாகிவிடும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று பக்கத்தில் நின்று கை கழுவக் கற்றுக்கொடுத்தீர்கள். வீட்டிலும் இப்போது அப்படித்தான் கழுவுகிறேன்.

அப்புறம், திருவண்ணாமலைத் தங்கச்சி. உன் பையனுக்கு ஏழு வயசு, ரத்தப் புற்றுநோய். நான் புத்தகத்தைத் திறந்ததுமே "வேணாம், போ" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். எனக்கு அழுகை முட்டியது. நீ என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், "ஊசி வேணாம்னு சொன்னா யாரு கேப்பாங்க? மாத்திரையும் வேணாம்னு சொல்ல முடியாது. உங்ககிட்டதான் அவன் சொல்ல முடியும். சொல்லிக்கட்டும்க்கா" என்றாய்.

அன்றிலிருந்து எந்தக் கட்டிலுக்குப் போனாலும் "உட்காரட்டுமா?" என்று கேட்ட பிறகுதான் உட்காருகிறேன். வேண்டாம் என்றால் சரி, அடுத்த வாரம் பார்க்கலாம். நாலாவது வாரம், உன் பையன், மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் ஊசி குத்திய கையைத் தலையணைமேல் பத்திரமாக வைத்துக்கொண்டு, மற்றக் கையால் கட்டில் ஓரத்தை இரண்டு தட்டுத் தட்டினான். உட்காரச் சொல்கிறான்! ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பியிருந்தது, பசியோ அடங்காத பசி. கதையில் வந்த யானை இட்லி சாப்பிட்டதும் "எத்தனை இட்லி?" என்றான். இருபதில் ஆரம்பித்து நூறில் கொண்டுபோய் நிறுத்தினான்.

ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) வேண்டும் என்று போன் வந்தால் மறுபேச்சில்லாமல் கிளம்பும் என் அலுவலகத் தம்பிகளே, எடுத்த தட்டணுக்கள் ஐந்து நாள்தான் தாங்கும், மாசக்கணக்கில் சேர்த்து வைக்க முடியாது. ஆள் வந்துகொண்டே இருந்தால்தான் உண்டு. ராத்திரி பதினோரு மணிக்கு மழையில் பைக்கில் வந்தீர்களே, அதை நீங்கள் தட்டணு கொடுத்த பாப்பாவின் அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எங்கே எந்த டெஸ்ட் எடுப்பார்கள் என்று காட்டிய ஆயாம்மாவுக்கும், சனிக்கிழமைகளில் என் மகளைப் பார்த்துக்கொள்ளும் என் மாமியாருக்கும் நன்றி.

தங்கச்சி, சிகிச்சை முழுதாக முடிய இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறது என்று தெரியும். ஆனாலும் போன மாசம் செக்கப்புக்கு வந்தபோது, ஓபி வரிசையில் உன் முந்தானையை விட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்து, "அக்கா, நான் ஸ்கூலுக்குப் போறேன்" என்றானே, அதற்காக அவனுக்கும் என் நன்றியைச் சொல்லிவிடு.