அந்த இரவில் எங்களோடு நின்றவர்களுக்கு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து இதை எழுதுகிறேன்.

கண்ணகை அம்மன் கோயில் சடங்குக்குக் கதவு திறந்த அன்று, இனிக் கசிப்பை, அந்தக் கள்ளச் சாராயத்தை, தொடமாட்டேன் என்று என் கணவர் நேர்ந்துகொண்டார். பத்து வருசக் குடியை ஒரே நாளில் விட்டார். மறுநாள் கை நடுங்கியது. மூன்றாம் இரவு, பாயில் இல்லாத எறும்புகளைப் பொறுக்கத் தொடங்கினார். மகளைப் பார்த்து யாரென்று கேட்டார். அம்மன் குற்றம் என்று வீடே அழுதது.

கோயிலில் பூசை செய்யும் கட்டாடியார் ஐயா, "இது அம்மாள்ர குற்றமில்ல புள்ள, உடன ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போ" என்றீர்களே, முதல் நன்றி உங்களுக்குத்தான். 1990 இலக்கத்துக்கு அழைத்ததும் அம்புலன்ஸில் வந்த தம்பிமாருக்கும் நன்றி. 2014இல் பாலம் வருமுன்னர் மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கும் பாதைப் படகுக்குக் காத்துக்கிடந்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. அன்று பாலத்தால் பறந்து போனோம்.

அவசர சிகிச்சைப் பிரிவு டொக்டர் தம்பி, "கடைசியா எப்ப குடிச்சவர்?" என்று கேட்டீர்கள். இதற்கு முன்னர் வேறோர் இடத்தில் இரண்டு தடவை என் கணவரின் தலைக் காயத்துக்குத் தையல் போட்டு அனுப்பினார்கள். குடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, வெட்கத்தில் நானும் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதோடு நில்லாமல், அந்த நடுச்சாமத்திலேயே உளநல வைத்திய நிபுணரை வீடியோ அழைப்பில் எடுத்தீர்கள்.

நிபுணர் அம்மா, "கையை நீட்டச் சொல்லுங்க" என்று திரையில் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். குளுக்கோஸ் சேலைனுக்கு முன்னர் விற்றமின் பி1 ஊசி போடச் சொன்னீர்கள். நடுக்கத்துக்கான மருந்தை முதலில் கூட்டிக் கொடுத்து நாளுக்கு நாள் குறைக்கச் சொன்னீர்கள். பிறகு என்னைக் கூப்பிட்டுப் பேசினீர்கள். நாள்தோறும் குடித்துப் பழகிய மூளை, திடீரென நிறுத்தினால் தறிகெட்டு ஓடும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதன் பின்னர் இப்படிப் புத்தி தடுமாறும், உயிரும் போகலாம் என்று விளக்கினீர்கள். குடியை விடுவதிலும் ஆபத்து உண்டென்று அன்றுதான் எனக்குத் தெரியும். நல்லது செய்யப்போய்த்தான் மனிசன் விழுந்தார் என்று யாரும் எனக்கு அதற்கு முன்னர் சொல்லவில்லை.

இப்போது வியாழக்கிழமைகளில் சிக்னல் கிடைக்கும் மாமரத்தடியில் கதிரை போட்டு இருவரும் உங்களோடு பேசுகிறோம். டவுனுக்கு வந்து போனால் ஒருநாள் கூலி போய்விடும், அதனால்தான் முன்பெல்லாம் கிளினிக்கை விட்டுவிடுவோம். இரவில் தவிப்பு வந்தால் எடுக்கச் சொல்லி நீங்கள் தந்த 1926 என்ற உளநல உதவித் தொலைபேசி இலக்கத்தை மகள் சுவரில் எழுதி வைத்திருக்கிறாள்.

தாதி மிஸ்ஸி, போனை ஏந்திப் பிடித்தபடியே மறுகையால் அவர் நெற்றியைத் துடைத்தீர்கள். நீங்கள் எனக்குப் போர்த்தத் தந்த சால்வை என்னிடம்தான் இருக்கிறது. தோய்த்து வைத்திருக்கிறேன், அடுத்த தடவை டவுனுக்கு வரும்போது கொண்டு வருகிறேன்.